பூஜைப் பலகையில் இரண்டு துப்பாக்கிகள்

"பேர மட்டும் சொல்லுங்க மேடம். மத்தத நான் பாத்துக்கறேன்."

நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ரஞ்சிதம் பேசிய முதல் பேச்சே இதுதான். பேசிய கையோடு பையிலிருந்து துணி சுற்றிய மீன் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தவளக்குப்பம் மார்க்கெட்டில் இருபது வருஷமாக வஞ்சிரமும் கொடுவாவும் நறுக்கிய கத்தி அது.

ஓரமாக உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு துள்ளி எழுந்துவிட்டார். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று இங்கே உதவிக்கு இருப்பவர். முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் குப்பை கொட்டியவர். "ஐயய்ய, இன்னாம்மா இது! எடு அத மொதல்ல!" என்று பதறினார்.

எதிரே இருந்த அஸ்ஃபியா பதறவில்லை. தடய அறிவியல் கூடத்தின் துப்பாக்கிப் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்தவர் அவர். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, முல்லா வீதியில் இந்த மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் துப்பறிகிறார். கத்தியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"பேரைக் கண்டுபிடிச்சா சொல்றேன், ரஞ்சிதம். ஆனா இது இங்கதான் இருக்கும். சம்மதம்னா பேசலாம். இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

ரஞ்சிதத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் போக்கிடம் ஏது? அரசாங்க வக்கீல், தனியார் வக்கீல், ஊர்ப் பெரியவர்கள் என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிவிட்டாள். அவள் தம்பி முத்து காலாப்பட்டு ஜெயிலில் கிடக்கிறான். முதலாளியைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. ஜாமீன் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருபத்துநாலு வயசுப் பையன். அம்மா அப்பா போன பிறகு இவள்தான் தூக்கி வளர்த்தாள். அவனை வெளியே கொண்டுவர வேண்டும். அவனை உள்ளே தள்ளியவனின் குடலை உருவ வேண்டும். இரண்டில் எது முதலில் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"சரி. சொல்லுங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? நீங்கதான் சொல்லணும். அன்னிக்கு என்ன நடந்தது?"

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஆயுத பூஜையன்று நடந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஆனந்தராஜுக்கு ஒரு ஐஸ் ஃபேக்டரி. முத்து அவருக்குக் கார் ஓட்டினான். ஆனந்தராஜின் பங்காளி வீட்டில் ஒரு வாரம் முன்பு சாவு விழுந்ததால் அவருக்குத் தீட்டு. அதனால் அவர் பூஜைக்கு இறங்கி வராமல் மாடி ஆபீஸிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார். கீழே எல்லாவற்றையும் எடுத்து நடத்தியவர் அவருடைய கூட்டாளி நாகராஜ். மிஷின், ஸ்பானர், ஐஸ் கட்டியை இழுக்கும் இரும்பு வாங்கி, தராசு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். ஆனந்தராஜின் இரண்டு துப்பாக்கிகளுக்கும் வைத்தார்கள். வருஷா வருஷம் அந்த இரண்டும் பூஜைப் பலகையில் இருக்கும். மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரைக்கும் எடுக்க மாட்டார்கள்.

"ஆறு மணிக்குப் பூஜை. முடிச்சுட்டு எல்லாரும் வாசல்ல பூசணிக்கா ஒடைச்சு, பொரியும் சுண்டலும் வாங்கினு நின்னாங்களாம். ஏழே கால் இருக்கும். மாடியில டமார்னு சத்தம். வெளக்கு அணையாமப் பாத்துக்கச் சொன்னாங்கன்னு என் தம்பி மட்டும் உள்ள தனியா உக்காந்திருந்தான். மொதல்ல மேல ஓடினவன் அவன்தான். ஓனரத் தூக்கி மடியில போட்டுக் கத்தியிருக்கான். கையெல்லாம் ரத்தம். பின்னாடியே வந்தவனுங்க ஒரு வார்த்த கேக்கல மேடம். கீழ இழுத்துப் போட்டு அடிச்சு, வலது கை விரல் மூணு ஒடைஞ்சு போச்சு."

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்து அந்த இடத்தில் வெறும் நெருப்புதான் இருந்தது.

சின்னக்கண்ணு பொறுக்காமல் நுழைந்தார். "நான் சொல்றேன் மேடம். பலகையில இருந்த பிஸ்டல சப்-இன்ஸ்பெக்டர் மோந்து பாத்தா மருந்து நாத்தம். ஒரு ரவை கொறையுது. பையன் அத எடுத்துனு போயி சுட்டுட்டு, திரும்ப இருந்த எடத்துலயே வெச்சுட்டான்னு கேஸு. காலையிலதான் கார்ல கோடு விழுந்துதுன்னு ஓனர் அவன அறைஞ்சிருக்காரு. காரணமும் ஆச்சு. ஆனா எனக்கு என்னமோ அந்த ஓனர் சம்சாரம் தீபலட்சுமி மேலதான்…"

"அவங்க அன்னிக்குச் சென்னையில இருந்தாங்கன்னு பேப்பர்லயே வந்துது, ஏட்டய்யா," என்றார் அஸ்ஃபியா. "ரெண்டு துப்பாக்கின்னீங்களே. என்ன ரகம்?"

ரஞ்சிதத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனந்தராஜ் துப்பாக்கி இல்லாமல் கக்கூஸுக்குக்கூடப் போக மாட்டார் என்று முத்து சொல்லிச் சிரிப்பான். ஒன்று, பிரெஞ்சுப் படையில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்த அவர் அப்பா கொண்டுவந்த குட்டிப் பிஸ்டல். இன்னொன்று, கான்பூரில் செய்த ரிவால்வர். ஒருநாள் இதை இடுப்பில் செருகுவார், மறுநாள் அதை. தினப்படி வைத்துக்கொள்ள எது தேவலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பட்டிமன்றம் நடத்துவாராம்.

"அது பெரிய பட்டிமன்றம்தான்," என்றார் அஸ்ஃபியா. "ரிவால்வர் நடுவுல உருண்டையா இருக்கும். சட்டைக்குள்ள புடைச்சிட்டுத் தெரியும். ஆனா நம்பிக்கையான சாமான். ஒரு ரவை வெடிக்கலன்னா மறுபடி அழுத்தினா அடுத்தது வரும். பிஸ்டல் சப்பட்டை. செல்போன் மாதிரி பையில கிடக்கும், வெளியில தெரியாது. ஆனா பராமரிப்பு வேணும், கொஞ்சம் அழுக்கு சேந்தாலும் சிக்கும். இதெல்லாம் வெச்சுக்கிறவங்க கவலை. எனக்கு வேற ஒரு வித்தியாசம் முக்கியம்." அது என்ன என்று அவர் சொல்லவில்லை. சின்னக்கண்ணுவைப் பார்த்தார். "பிஸ்டலக் கைப்பத்தினப்ப போட்டோ எடுத்திருப்பாங்க. இன்ஸ்பெக்டர் இளம்பரிதிகிட்டக் கேட்டுப் பாருங்க. நல்ல மனுஷன், காமிப்பார்."

மறுநாளே போட்டோவின் நகல் வந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போலீஸ் எடுத்தது. பூஜைப் பலகையில் வாழையிலை; அதன்மேல் ரிவால்வரும் பிஸ்டலும் பக்கத்தில் பக்கத்தில். பிஸ்டலின் மேல்பாகத்திலிருந்து கைப்பிடி வரைக்கும் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை. நடுவில் குங்குமம். பட்டையின் கீழோரத்தில் ஒரு சிவப்பு அரளி இதழ் ஒட்டிக் காய்ந்திருந்தது. அஸ்ஃபியா பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஃபேக்டரிக்குப் போகலாம்," என்றார்.

அங்கே அவர்களிடம் பேசியவள் அன்புசெல்வி. ஐஸ் உடைக்கும் இடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசியதும் அவள்தான். ரஞ்சிதத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"துப்பாக்கிங்கள யார் கீழ கொண்டுவந்தது?" என்று கேட்டார் அஸ்ஃபியா.

"நாகராஜ் சார்தாங்க. அஞ்சரை இருக்கும். தாம்பாளத்துல வெச்சு, 'அண்ணன் குடுத்தாரு, பூஜையில வை'ன்னாரு. 'நல்லா பட்டையாப் பூசும்மா, தாராளமாப் பூசு'ன்னு வேற சொன்னாரு. ரெண்டுக்கும் பூசினேன்."

"அதுக்கப்புறம் முதலாளிய யாராவது பாத்தீங்களா?"

"தீட்டு இல்லையா, யாரும் போவல. அதுக்கு முன்னால நாலு மணிக்கு நான் டீ குடுத்தேன்."

"அஞ்சு மணிவாக்குல இங்க என்ன வேல நடந்தது?"

அன்புசெல்வி முகத்தைச் சுளித்தாள். "அந்தக் கூத்த ஏங்க கேக்கறீங்க! மறுநா ஒரு போட்டும் கடலுக்குப் போவாது. யாருக்கு ஐஸு வேணும்? ஆனா நாகராஜ் சார் கிரஷர ஓட்டுன்னு நின்னாரு. அது ஓடினா பக்கத்துல இருக்கறவங்க பேசறதே கேக்காது. அரை மணி நேரம் ஓட்டி, ஒடைச்ச ஐஸெல்லாம் தண்ணியா சாக்கடையில போச்சு. அவரு தாம்பாளத்தோட எறங்கி வந்தப்புறம்தான் நிறுத்தச் சொன்னாரு."

சின்னக்கண்ணுவின் மீசை துடித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவரை அஸ்ஃபியா பார்வையாலேயே அடக்கினார். "பூஜை முடிஞ்சதும் எல்லாரும் வாசலுக்கு வந்தீங்களா?"

"ஆமாங்க. நாகராஜ் சார் மட்டும் பின்னாடி மோட்டாருக்குப் பத்தி காட்டிட்டு வரேன்னு ஊதுவத்திய எடுத்துனு போனாரு. கொஞ்ச நேரத்துல வந்துட்டாரு. அப்புறம் எங்க கூடவேதான் பொரி குடுத்துனு நின்னாரு. சத்தம் கேட்டப்பக்கூட என் பக்கத்துலதான் இருந்தாரு."

"பூஜைய யாராவது போட்டோ எடுத்தீங்களா?"

"நான் எடுத்தேங்க. ஸ்டேட்டஸ் வெக்கறதுக்கு." கைபேசியைத் தேய்த்துத் தேய்த்து அந்தப் படத்தைக் காட்டினாள். மாலை ஆறு பத்து. விளக்கு, பழம், ஸ்பானர்கள், முன்வரிசையில் இரண்டு துப்பாக்கிகள். அஸ்ஃபியா அதைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார்.

பிறகு கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி ஆபீஸ் ஜன்னலை ஒட்டிப் போயிற்று. ஜன்னல் மேலே தளம் நீட்டிக்கொண்டிருந்ததால் விளிம்பில் மழை படவில்லை. அஸ்ஃபியா ஏணியில் ஐந்தாறு படி ஏறி நின்று பார்த்துவிட்டு, சின்னக்கண்ணுவையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். எதையும் தொடக்கூடாது என்று எச்சரித்தார். இறங்கி வந்த ஏட்டய்யாவின் கண்கள் இரண்டும் விரிந்து கிடந்தன.

"கருப்பா எரிஞ்ச தடம், ஊதுவத்திக் குச்சி, பச்சைச் சணல் துண்டு! மேடம், இது அணுகுண்டு வெடி சுத்தற சணல்! தீபாவளிக்கு…"

"தெரியும். இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. நாளைக்குப் பகல் மூணு மணிக்கு எல்லாரையும் பூஜை நடந்த எடத்துலயே வரச் சொல்லுங்க."

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது ரஞ்சிதம் பற்களை நறநறவென்று கடித்தாள். பேர் தெரிந்துவிட்டது. அந்த நாகராஜை அவளுக்கு நன்றாகத் தெரியும். நல்லவாடு கிராமத்தில் அவள் வீட்டுக்கே ஒருமுறை வந்து மீன் குழம்பு சாப்பிட்டுப் போன மனுஷன். "தங்கமான பையன் உன் தம்பி" என்றும் சொன்னான், பாவி! அன்று இரவு அவள் கண் மூடவில்லை. வீட்டில் இன்னொரு கத்தி இருந்தது. எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று மனசு இப்படியும் அப்படியும் ஆடியது. கடைசியில், முழுக்கதையும் கேட்காமல் கை வைத்தால் தம்பி வெளியே வர முடியாது என்று அதை விட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

மறுநாள் மூன்று மணிக்குக் கிரஷர் கூடத்தில் முப்பது பேர் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் இளம்பரிதி இரண்டு காவலர்களோடு வந்திருந்தார். நாகராஜ் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு, கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். ரஞ்சிதத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். 

அஸ்ஃபியா மேஜைமேல் ஒரு தீப்பெட்டியையும் ஒரு சின்ன மரக் கட்டையையும் வைத்தார். இரண்டின்மேலும் சந்தனம் பூசிக் காய்ந்திருந்தது. தீப்பெட்டியில் அந்தப் பட்டை வெளிக்கூட்டையும் உள்பெட்டியின் விளிம்பையும் சேர்த்துப் பூசியிருந்தது.

"ரொம்ப நேரம் பேச மாட்டேன். எல்லாருக்கும் வேல இருக்கு," என்று ஆரம்பித்தார். "செத்தவர் உடம்புல இருந்து எடுத்த ரவை சின்னது. அது ரிவால்வருக்குச் சேராது, பிரெஞ்சுப் பிஸ்டலுக்குத்தான் சேரும். அந்தப் பிஸ்டல் சுட்டதும் உண்மை. அதுல எனக்கும் போலீசுக்கும் சண்டை இல்ல. எப்ப சுட்டாங்கங்கறதுதான் கேள்வி. இன்ஸ்பெக்டர் சார், இந்தத் தீப்பெட்டிய ஒருதரம் தள்ளி மூடுங்க."

இளம்பரிதி உள்பெட்டியை விரலால் தள்ளி மறுபடி மூடினார். காய்ந்த சந்தனம் படக்கென்று விரிசல் விட்டு பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"பிஸ்டல் இந்த மாதிரி. ஒவ்வொரு தடவ வெடிக்கும்போதும் அதோட மேல்மூடி பின்னால போயி, காலித் தோட்டாவத் துப்பிட்டு முன்னால வரும். இப்ப இந்தப் பட்டையப் பாருங்க." போலீஸ் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார். "மேல்மூடியில தொடங்கி, இடுக்கத் தாண்டி, கைப்பிடி வரைக்கும் வந்திருக்கு. எங்கயாவது விரிசல் இருக்கா?"

இளம்பரிதி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இல்ல."

"ஏழே காலுக்கு இதால சுட்டிருந்தா இந்தச் சந்தனம் உடைஞ்சிருக்கணும்."

"சுட்டப்புறம் அந்தப் பையனே மறுபடி பூசியிருக்கலாமே மேடம்?" இதைக் கேட்டவர் நாகராஜ். குரல் வெகு சாந்தமாக இருந்தது.

"கேட்டது நல்லதாப் போச்சு." அஸ்ஃபியா இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்தார். "இது அன்புசெல்வி எடுத்தது. ஆறு மணி பத்து நிமிஷம். அதே பட்டை. கீழ அதே அரளி இதழ், அதே எடத்துல, அதே மடிப்போட. ரவையும் ரத்தமும் பாத்த பையன், கீழ ஓடி வந்து, சந்தனம் கரைச்சு, அதே இதழ அதே மடிப்போட ஒட்டிட்டு, மறுபடி மேல ஓடினானா? ஏழே காலுக்கு எல்லாரும் சத்தம் கேட்டு ஒரு நிமிஷத்துல உள்ள வந்துட்டீங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ரஞ்சிதம் நாகராஜின் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப, பொட்டு வெக்கறதுக்கு முன்னாலயே சுட்டாச்சு. நாலு மணிக்கு டீ குடிச்சவர் அஞ்சரைக்குள்ள செத்துப் போயிட்டார். அந்த நேரத்துல யாருக்கும் வேண்டாத ஐஸ உடைக்கக் கிரஷர் ஓடிச்சு. சத்தத்த அது முழுங்கிடுச்சு. தீட்டுங்கறதால யாரும் மேல போக மாட்டாங்கன்னு சுட்டவருக்குத் தெரியும். பிரேதப் பரிசோதனையில ரெண்டு மணி நேரம் முன்னப் பின்ன இருக்கும்னும் தெரியும்."

"அப்ப ஏழே காலுக்கு நாங்க கேட்டது?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"ஜன்னல் விளிம்புல வெச்ச அணுகுண்டு வெடி. திரியில ஊதுவத்தி. கால் மணி, அரை மணி நின்னு எரியும். பூஜை அன்னிக்கு ஒருத்தர் கையில ஊதுவத்தியப் பாத்தா யாருக்குச் சந்தேகம் வரும்? குச்சியும் சணலும் நேத்துச் சாயங்காலம் போலீஸ் கைக்குப் போயாச்சு." அஸ்ஃபியா நாகராஜின் பக்கம் திரும்பினார். "பிஸ்டல அண்ணன் கையால வாங்கிட்டு வந்தேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தது நீங்க. வாங்கும்போதே அது சுட்டு முடிஞ்ச பிஸ்டல். செத்தவர் கையால எப்படி வாங்கினீங்க, சார்?"

 நாகராஜ் கட்டியிருந்த கைகள் மெல்ல அவிழ்ந்து தொங்கின.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றார் அஸ்ஃபியா, மரக் கட்டையை எடுத்துக்கொண்டு. "ரிவால்வர் இது மாதிரி. சுட்டாலும் உடம்பு நகராது. அதால சுட்டிருந்தீங்கன்னா சந்தனம் ஒரு வார்த்த சொல்லியிருக்காது. முத்து தூக்குக்குப் போயிருப்பான். ரெண்டும் உங்க கையில இருந்துது. ஏன் பிஸ்டல எடுத்தீங்க?"

அந்த மனுஷன் சிரித்தான். 

"அதத்தானம்மா என் நெத்தியில வெப்பாரு," என்றான். "ஆறு வருசம். யார் வந்தாலும், இது ஒசத்தியா அது ஒசத்தியான்னு பேச்சு வரும். ரவைய எடுத்துட்டு, 'நாகு, இங்க வா'ம்பாரு. நெத்தியில வெச்சு டக்குனு அமுக்குவாரு. ரவைய எடுத்தாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் செத்தேன். ஒரு தடவ, கேரளாக்காரன் யாவாரிங்க முன்னாடி, வேட்டியிலயே போயிட்டேன். பூஜை அன்னிக்கு அவரு நெத்தியில வெச்சு, 'இது ஒசத்தியா அது ஒசத்தியா'ன்னு கேட்டேன். பதில் சொல்லல. வேற எதால சுட்டாலும் எனக்கு ஆறியிருக்காது."

 உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ரஞ்சிதத்துக்கும் அந்த ஒரு நிமிஷம் ஆனந்தராஜுக்காக ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை. செத்தது சரிதான் என்றே பட்டது. ஆனால் அவள் முன்னால் வந்து நாகராஜின் எதிரே நின்றாள்.

"அவர சுட்டதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. என் தம்பி உனக்கு இன்னாடா பண்ணான்? 'வெளக்கு அணையாமப் பாத்துக்கோ'ன்னு அவன உக்கார வெச்சவன் நீதானே? முப்பது பேரு இருக்க அவன எதுக்குப் புடிச்ச?"

நாகராஜ் அவள் கண்ணைப் பார்த்தான். "அன்னிக்கு, என் வேட்டி நனைஞ்சப்ப, கார் பக்கத்துல நின்னுனு அவன் சிரிச்சான்."

அவ்வளவுதான். கூட்டம் பொங்கிவிட்டது. நாலு பேர் பாய்ந்து நாகராஜின் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவன் ஐஸ் வாங்கியை ஓங்கினான். ரஞ்சிதம் குறுக்கே போய் விழுந்து அவன் கையை முறுக்கினாள்.

"தொடாத! எவனும் தொடக்கூடாது! அன்னிக்கும் இப்படித்தானே பாஞ்சீங்க? என் தம்பி கைய மிதிச்சவன் எவன்? கையத் தூக்குங்கடா பாப்போம்!"

ஒருவரும் தூக்கவில்லை. ஐஸ் வாங்கியைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

"இவன் உசுரோட போவணும் சார்," என்றாள் அவள் இளம்பரிதியிடம். "ஒரு கீறல் வாணாம். என் தம்பி படுத்த அதே தரையில படுத்து, அதே தட்டுல துன்னணும். வருசக் கணக்கா. நான் போயிப் போயிப் பாக்கணும்."

சின்னக்கண்ணு பக்கத்தில் வந்து அவள் தோளைத் தட்டினார். அஸ்ஃபியா படங்களை அடுக்கி உறையில் போட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார்.

எட்டு நாள் கழித்து, கோர்ட்டு உத்தரவோடு முத்து காலாப்பட்டு ஜெயில் வாசலில் வெளியே வந்தான். வலது கையில் கட்டு; பாதி உடம்பாக இளைத்திருந்தான். ரஞ்சிதம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் அவனைக் கட்டிக்கொண்டு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸுக்காக நின்றார்கள்.

"நாகராஜ் சாராக்கா?" என்றான் முத்து, இன்னமும் நம்ப முடியாமல். "அவரு என்னை இன்னாத்துக்கு மாட்டி விடணும்?"

சொல்லவா வேண்டாமா என்று அவள் யோசித்தாள். "ஓனரு துப்பாக்கிய வெச்சு அவர மெரட்டினப்ப நீ சிரிச்சியாம்டா," என்று கடைசியில் சொல்லியே விட்டாள்.

முத்து சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். "நானா? ஐயோ அக்கா! ஓனரு அவர விட்டுட்டு நேரா என் பக்கம் திருப்பினாருக்கா. 'ஏன்டா மொறைக்கற? சிரிடா'ன்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. சிரிச்சேன். நாகராஜ் சாரு கீழ குனிஞ்சுனு இருந்தாரு, அவருக்கு அது தெரியாது. பாவம்க்கா அந்த மனுசன்."

பஸ் வந்தது. தம்பியை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, ரஞ்சிதம் டிக்கெட் எடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போகாமல் அவள் மறுபடி காலாப்பட்டுக்குப் போனாள். மனு எழுதிக் கொடுத்தாள். உறவு என்ற இடத்தில் என்ன போட என்று கேட்ட காவலரிடம், "முத்துவோட அக்கான்னு போடுங்க, அவனுக்குப் புரியும்," என்றாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நாகராஜ் வந்து உட்கார்ந்தான். ஏசப் போகிறாள், காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, முகத்தைக் கல்லாக வைத்திருந்தான்.

ரஞ்சிதம் குரலை உயர்த்தவில்லை. முத்து சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியது, பையன் எப்படி உதறினான், என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் ஆனந்தராஜ் எல்லாவற்றையும் சொன்னாள். 'பாவம்க்கா அந்த மனுசன்' என்று அவன் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

நாகராஜின் விரல்கள் வலைக்குள் நுழைந்து கம்பியை இறுக்கிப் பிடித்தன. கல் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "இத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற?" என்றான், கேட்கிறதா இல்லையா என்கிற குரலில்.

"தெரிஞ்சுனு படுக்கணும்ல," என்று சொல்லி அவள் எழுந்தாள். "வரேன். அடுத்த செவ்வாயும் வரேன்."